திங்கட்கிழமை மூச்சு

டன்னிங் ஷோல்ஸ், தென் கரோலினா
மார்ச் 6, 1977

அன்புள்ள ஓடெல்,

உன் அண்ணன் ஹாய்ட்டுக்கு போன் போட்டேன். நீ அங்கே இல்லை என்றுதான் முதலில் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ இருமியது கேட்டது. இத்தனை வருடம் பக்கத்திலேயே கேட்ட இருமல் எனக்குத் தெரியாதா?  கடைசியில் விலாசத்தை மட்டும் சொன்னார்.

மேஜையில் நீ வைத்துவிட்டுப் போன சீட்டில் "ஃபுளோரிடாவில் வேலை கிடைத்திருக்கிறது" என்று இருந்தது. ஒரு மனிதன் வேலைக்குப் போவதென்றால் மனைவி ஷிப்டில் இருக்கும் நேரம் பார்த்தா போவான்?

ஊர் பேசுவதை நானே எழுதிவிடுகிறேன். நீ போன அதே வாரம் நம் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் இருந்த ஜூவல் டேட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஊருக்குப் பெரிய படிப்பு வேண்டுமா? நான் மெஷினில் அறுந்த நூலை முடிந்துகொண்டே நடக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுவிடுகிறது. மெஷின் சத்தத்தில் பேச்சுக் கேட்காதுதான். ஆனால் வாய் அசைவதைப் படிக்க நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

நானும் கூட்டித்தான் பார்த்தேன். போன வருடத்திலிருந்து நீ கட்டிலில் படுப்பதில்லை, சமையலறை நாற்காலியில்தான் தூங்கினாய். புழுக்கம் என்றாய். டிசம்பரில் என்ன புழுக்கம்? சர்ச்சுக்கு என்னோடு நடந்து வருவதை விட்டாய். பாடுவதை விட்டாய். என் தோளில் கை போடுவதையும் விட்டாய்.

அவள் அங்கே உன்னோடு இருக்கிறாளா? ஆமாம், இல்லை என்று எழுது, போதும்.

உன் கனமான கோட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அங்கே குளிராது என்று நினைக்கிறேன்.

வெர்லி


பலாட்கா பக்கம், ஃபுளோரிடா
மார்ச் 24, 1977

வெர்லிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். ஹாய்ட்டின் படகுத்துறையில் இருக்கிறேன். மீன் பிடிக்க வருகிறவர்களுக்குப் புழுவும் ஐஸும் விற்கிறோம். ஆற்றில் கெளுத்தி நன்றாக விழுகிறது. ஹாய்ட் சோளமாவில் புரட்டி வறுக்கிறான், உன் கைப்பக்குவம் வராது.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? ஊர் ஒன்றைச் சொல்லிவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொள். உனக்கும் சொல்ல ஒரு காரணம் இருக்கும். எனக்காகக் காத்திருக்காதே.

பின்கட்டுக் குழாயின் வாஷரை மாற்றாமல் வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஹியூபர்ட்டிடம் சொன்னால் மாற்றித் தருவான்.

ஓடெல்


டன்னிங் ஷோல்ஸ்
மே 8, 1977

ஓடெல்,

குழாயை நானே சரி செய்தேன். ஹியூபர்ட்டிடம் போய் நின்றால் அவன் பரிதாபமாகப் பார்ப்பான். அதைவிடக் குழாய் ஒழுகட்டும் என்றிருந்தது.

இன்றைக்கு அன்னையர் தினம். கிரீன்வில்லிலிருந்து நம் நடீன் வந்திருந்தாள். நீ அவளுக்கு அனுப்பிய பிறந்தநாள் அட்டையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "இத நீயே வச்சுக்கம்மா. அந்த ஆளு கையெழுத்தப் பார்த்தாலே வயித்தப் பெரட்டுது" என்றாள். நான் அவளைக் கண்டிக்கவில்லை. கண்டிக்க என்னிடம் என்ன இருந்தது?

சர்ச்சில் எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது. உன் இடம் என்று மரியாதைக்காக விட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. பாஸ்டர் ஹாக்கின்ஸ் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். ஜெபத்தில் உன் குடியையும் சேர்த்துக்கொண்டார். ஜனவரியில் என் அண்ணன் ரஃபஸை அடக்கம் செய்த நாளை யாரும் மறக்கவில்லை, ஓடெல். ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறினீர்கள். நீ மட்டும் பாதி வழியில் கைப்பிடியை விட்டாய். பெட்டி சாய்ந்தது. என் அண்ணன் உள்ளே புரண்ட சத்தம் என் காதில் விழுந்தது. நீ தள்ளாடிப் போய் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் திட்டினேன். செத்தவன் பெட்டியைத் தூக்கவாவது ஒரு நாள் குடிக்காமல் இருக்கக்கூடாதா என்று கேட்டேன்.  நீ வண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன்மேல் சாராய வாடை வந்ததா என்று நான் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

எனக்குச் சளி விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை சரியாகிறது, திங்கட்கிழமை திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. வசந்தகாலம் என்றாலே இப்படித்தான்.

வெர்லி


பலாட்கா பக்கம்
ஜூன் 2, 1977

வெர்லி,

ரஃபஸ் விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் சரி. நான் குடித்திருந்தேன். மன்னித்துவிடு.

சளிக்கு வெங்காயச் சாறும் தேனும் குடி. முடிந்தால் கொஞ்ச நாள் லீவு போடு. நடீனிடம் போய் இரு.

ஓடெல்


டன்னிங் ஷோல்ஸ்
ஜூலை 10, 1977

ஓடெல்,

ஜூவல் டேட் நேற்று நம் வீட்டுக்கு வந்தாள்.

அவளைப் பார்த்ததும் கதவைச் சாத்தத்தான் போனேன். அவள் காலை உள்ளே வைத்துவிட்டாள். "ஏன் வெர்லி, நான் உன் புருஷனோட ஓடிப்போயிட்டேனாமே? ஆண்டர்சன்ல எங்கம்மாவுக்கு பெட்பேன் வச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஓடுறவ அங்கயா ஓடுவா?" என்றாள். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அம்மாவைத் தனியே விட முடியாமல் இத்தனை நாள் ஊர்ப்பக்கமே வரவில்லையாம். சிரிக்கத்தான் வந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவளைப் பற்றி நான் மனதுக்குள் சொன்ன வார்த்தைகள் எதுவும் அவளுக்குத் தெரியாது. 

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "போன கிறிஸ்மஸுக்கு முன்னாடி, கார்டிங் ரூம் படிக்கட்டுல ஓடெல் உக்காந்திருந்தான். உதடெல்லாம் நீலமா இருந்துச்சு. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சதும், வெர்லிகிட்ட சொல்லாதன்னு கெஞ்சினான். ஆம்பள கெஞ்சி நான் பார்த்ததில்ல."

அவள் போனதும் சமையலறைக்குப் போய் நீ தூங்கிய நாற்காலியில் உட்கார்ந்தேன். படுத்தால் உனக்கு மூச்சு வரவில்லை, அப்படித்தானே? நடந்தால் வரவில்லை. பாடினால் வரவில்லை. என் தோளில் கை போட்டால் நான் உன் நெஞ்சில் சாய்வேன், அந்த இரைச்சல் எனக்குக் கேட்டுவிடும். அதனால் கையையும் எடுத்துக்கொண்டாய்.

அன்றைக்கு மேட்டில் நீ குடித்திருக்கவில்லை.

ஒரு பெண் இருந்திருந்தால் அவளோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரிந்திருக்கும், ஓடெல். இதை நான் என்ன செய்ய? உண்மையை எழுது.

வெர்லி


பலாட்கா பக்கம்
ஜூலை 19, 1977

அன்புள்ள வெர்லி,

ஆமாம்.

மூன்று நான்கு வருடமாகவே இருந்தது. முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும். பிறகு வாரம் முழுக்க. பஞ்சு சீவும் கார்டிங் மெஷினிலிருந்து என்னை எடுத்துத் தரை கூட்டப் போட்டார்களே, வயதாகிவிட்டதால் என்று உன்னிடம் சொன்னேன். பொய். பஞ்சுப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "என்னப்பா ஓடெல், கிழவி மாதிரி மூச்சு வாங்குற?" என்றான். சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சின்ன வயதில் டவுனுக்குப் போனால் கடைக்காரப் பையன்கள் மில் பிள்ளைகளான நம்மைப் பஞ்சுத்தலை என்று கூப்பிடுவார்கள், நினைவிருக்கிறதா? அப்போதெல்லாம் கையை முறுக்கிக்கொண்டு போவேன். நம்மிடம் இருந்தது அந்தக் கைபலம் ஒன்றுதான். அதுவும் போனபின் உன் கண்முன்னால் நான் எப்படி இருப்பது? மேட்டில் யாரோ "ஓடெல் தண்ணி போட்டிருக்கான்" என்று சொன்னது காதில் விழுந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நீயும் அதையே சொன்னபோதுதான் நிம்மதி போய்விட்டது. ஆனாலும் விட்டுவிட்டேன். ஜூவல் கதையையும் அப்படித்தான் விட்டேன்.

இங்கே கடை வேலை எதுவும் நான் செய்யவில்லை. உட்கார்ந்திருக்கிறேன். ஹாய்ட் சட்டை பட்டன்கூடப் போட்டுவிடுகிறான். ஏப்ரலில் அவன் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். எங்கள் பரம்பரைக்கே நெஞ்சு பலவீனம் என்றார் அவர். அப்பாவும் அப்படித்தானே போனார்.

தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே. நடீனிடமும்.

ஓடெல்


டன்னிங் ஷோல்ஸ்
ஆகஸ்ட் 14, 1977

என் ஓடெலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். கையால் நூலை முடிந்தேனே தவிர மனம் அங்கே இல்லை. பக்கத்தில் படுத்திருந்த மனுஷனுக்கு மூச்சு முட்டுவது தெரியாமல் வேறொருத்தியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நான்தான் வெட்கப்பட வேண்டும்.

இப்போது நான் செய்ததைக் கேள். கோபம் வரும். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

மில்லிலிருந்து நின்ற சிலரும் ஒரு சின்ன வயது டாக்டரும் சேர்ந்து போன சனிக்கிழமை நம் சர்ச்சின் அடித்தளத்தில் மூச்சுப் பரிசோதனை வைத்தார்கள். ஒரு குழாயில் ஊத வேண்டும், மெஷின் கோடு போடும். உன்னைப் பற்றி விசாரிக்கத்தான் போனேன், சத்தியமாக. வரிசையில் நிற்கவைத்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எந்த நாள் நெஞ்சு ரொம்ப இறுக்கமா இருக்கும்?"

"திங்கக்கிழமை" என்றான் ஹியூபர்ட். அவன் பின்னால் நின்ற கிழவரும் "திங்கக்கிழமை" என்றார். அதற்கடுத்தவளும் அதையேதான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கேட்பதை நிறுத்திவிட்டுத் தானே எழுதிக்கொண்டு போனாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து வந்தவர்கள்.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் ஹியூபர்ட் வேடிக்கை பேசினான் என்று இப்போது புரிகிறது. "ஓடெல் இருந்தா நல்லா ஊதுவான். சாராய பாட்டில வாயில வச்சுப் பழகினவனாச்சே" என்றான்.

என்னால் முடியவில்லை. "அவன் குடிக்கல, ஹியூபர்ட்" என்றேன். "எங்க அண்ணன் பெட்டியத் தூக்கினப்போ அவனுக்கு மூச்சு வரல. எவளோடயும் ஓடவும் இல்ல. மூச்சு வாங்குறத நீங்க பார்த்துரக் கூடாதுன்னுதான் போயிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஹியூபர்ட் பின்வாசலில் தக்காளிக் கூடையோடு வந்து நின்றான். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "நானும் உக்காந்துதான் தூங்குறேன் வெர்லி. என் பொண்டாட்டிகிட்ட சொல்லிராத" என்றான். அவன் மனைவி ஒரே வீட்டில்தான் இருக்கிறாள்!

அந்த டாக்டர் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். கார்டிங்கில் இருந்தவர்கள் சாட்சி சொன்னால்தான் தலைநகரில் அதிகாரிகள் காது கொடுப்பார்களாம். வா, ஓடெல். நாற்காலியில் தூங்கு. நான் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொள்கிறேன்.

உன் வெர்லி


பலாட்கா பக்கம்
ஆகஸ்ட் 22, 1977

வெர்லி,

யாரிடமும் சொல்லாதே என்று ஒன்றே ஒன்று கேட்டேன்.

என்னைக் கேட்காமல் என் சட்டையைக் கழற்றி ஊர் நடுவில் நிறுத்திவிட்டாய். குடிகாரன் நாளைக்குத் திருந்தலாம். ஓடிப்போனவன் திரும்பி வரலாம். மூச்சில்லாதவனுக்கு என்ன இருக்கிறது? ஹியூபர்ட்டும் மற்றவர்களும் இனி என்னைப் பார்த்தால் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நான் இத்தனை தூரம் வந்தேன்.

எவன் முன்னாலும் குழாயில் ஊத மாட்டேன். எழுதாதே.

ஓடெல்


டன்னிங் ஷோல்ஸ்
செப்டம்பர் 18, 1977

ஓடெல்,

எழுதாதே என்றாய். மூன்று வாரம் எழுதவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும், இதற்குப் பிறகு எழுத மாட்டேன்.

அந்த வரிசையில் நின்றதால் நானும் ஊதினேன் என்று உனக்குச் சொல்லவில்லை. மெஷின் எனக்குப் போட்ட கோட்டைப் பார்த்து டாக்டருக்குத் திருப்தியில்லை. ஒரு திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை ஊதச் சொன்னார். காலையில் ஊதிய அளவுக்குச் சாயங்காலம் என்னால் ஊத முடியவில்லை. வீம்புக்கு இன்னொரு தடவை ஊதினேன். இன்னும் மோசம்.

அவர் ரொம்ப மென்மையாகத்தான் சொன்னார். "இது சளி இல்லம்மா. பஞ்சுத் தூசி. லீவு நாள்ல கொஞ்சம் தெளியும், திங்கக்கிழமை உள்ள போனதும் மறுபடி பிடிச்சுக்கும். இப்ப விட்டீங்கன்னா மிச்சத்தக் காப்பாத்தலாம். விடாம போனீங்கன்னா திரும்பி வராது."

என் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது, ஆனால் அது பரம்பரையாம், ஃபுளோரிடாவில் டாக்டரே சொன்னார் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு வீடு வரை நடந்து வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். ரோஜாச் செடியைப் பார்க்கிற மாதிரி.

நான் உன் அப்பாவுக்குப் பிறக்கவில்லையே, ஓடெல். உங்கள் பரம்பரை நெஞ்சு எனக்கு எப்படி வந்தது?

உன் டாக்டர் உண்மையில் என்ன சொன்னார்? உனக்கு ஏப்ரலிலேயே தெரியுமா?

இப்போதும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நாளை திங்கட்கிழமை.

வெர்லி


பலாட்கா பக்கம்
அக்டோபர் 1, 1977

அன்புள்ள வெர்லி,

இதை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். கடைசியில் ஹாய்ட் உன் கடிதத்தை எடுத்துப் படித்தான். அவன் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. "நீ எழுதுறியா, இல்ல நான் எழுதட்டுமா?" என்றான். நானே எழுதுகிறேன்.

தெரியும்.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். பஞ்சு மில், கார்டிங் என்றேன். "அப்ப அதுதான்" என்றார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. பிறகு, "வீட்ல வேற யாராச்சும் மில்லுல இருக்காங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஹாய்ட் அப்போது வெளியே வண்டியில் இருந்தான். கூட இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். இருக்கிறாள் என்றால் உடனே வேலையிலிருந்து நிற்கச் சொல் என்பார். நீ நின்றால் உனக்குச் சோறு போட வேண்டியவன் நான். சட்டைப் பட்டன் போட முடியாதவன். அதை உன்னிடம் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்வதைவிட நீ அந்தத் தூசிக்குள் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. எழுத்தில் பார்க்கும்போதுதான் அது என்னவென்று தெரிகிறது.

மே மாதம் நெஞ்சில் சளி என்று எழுதினாயே, திங்கட்கிழமை என்ற வார்த்தையைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெங்காயச் சாறு குடி என்று எழுதினேன்.

மேட்டில் பெட்டியை விட்டது எனக்கு அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹியூபர்ட் சிரிப்பதும் சூப்பர்வைசர் சொன்னதும் அவமானம் என்று நினைத்தேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை, வெர்லி. உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கவில்லை.

நீ இனி அந்தக் கதவுக்குள் போகாதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிடத்திலிருந்து போகாதே. எப்படிச் சாப்பிடுவோம் என்று தெரியவில்லை. ஹாய்ட் ஏதோ சொல்கிறான், நடீனிடம் நானே பேசுகிறேன். அவள் போனை வைத்துவிட்டால் மறுபடி போடுகிறேன்.

அந்த டாக்டரிடம் நான் ஊதுகிறேன் என்று சொல். தலைநகருக்கும் போகிறேன். என்னால் ஒரு மூச்சில் முழு வாக்கியம் பேச முடியாது, பாதிப் பாதியாகத்தான் சொல்லுவேன். கேட்கிறவர்கள் காத்திருக்கட்டும்.

வருகிற வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சர்ச்சில் சக்கர நாற்காலி ஒன்று உண்டு. பாஸ்டர் ஹாக்கின்ஸிடம் கேள். யாருக்கு என்று கேட்டால் ஓடெலுக்கு என்று சொல். டிரைவரிடம் பேசி என்னைச் சந்துப் பக்கம் இறக்கிவிடச் சொல்லலாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றான் ஹாய்ட். வேண்டாம் என்றேன். பஸ் எப்போதும்போல மருந்துக்கடை வாசலில் நிற்கட்டும். முதல் ஷிப்ட் விட்டு எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். நீ நாற்காலியை அங்கேயே கொண்டுவா. நான் இறங்க நேரமாகும். நடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். அவசரப்படுத்தாதே, யாரையும் தள்ளிப் போகச் சொல்லாதே.

நீ வராமல் இருந்தாலும் எனக்குப் புரியும். அப்படியென்றால் ஹியூபர்ட்டைத் தள்ளச் சொல்லுவேன். அவனுக்கும் மூச்சு வாங்கும். மெதுவாக வந்து சேர்கிறோம்.

ஓடெல்